பத்து வெடி, அஞ்சு ஓட்டை

எனக்கும் என்ர மனுசனுக்கும் சுவிசில வந்த முதல் பெரிய சண்டை காசாலயும் இல்லை, சமையலாலயும் இல்லை. ஆறோ மூண்டோ எண்டதால வந்தது. நான் ஆறு எண்டன். அவர் மூண்டு எண்டார். ரெண்டு பேரும் சத்தியமாத்தான் சொன்னனாங்கள். எங்களை வேற வேற அறையில வைச்சு விசாரிச்ச உத்தியோகத்தர் ரெண்டு பதிலையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாத்தார். உங்கட கதை ஒண்டோடொண்டு ஒத்துவரேல்லை, நம்பேலாது எண்டு எங்கட அகதி வழக்கை நிராகரிச்சுக் கடுதாசி வந்திட்டுது.

அது என்ர அண்ணையைச் சுட்ட வெடி. மன்னாரில எங்கட ஊர்க் குளக்கட்டில நிண்டு சுட்டவங்கள். அண்ணை வயலுக்குள்ளால என்னைப் பாத்து ஓடி வந்துகொண்டிருந்தவர். நான் வயலின்ர மற்ற முடிவில, வாய்க்காலுக்குள்ள குப்புறப் படுத்திருந்தன். என்ர மனுசன் குளக்கட்டுக்குப் பின்னால, சுட்டவங்களுக்குக் கிட்ட, ஒரு கடைச் சுவரோட ஒட்டிக்கொண்டு நிண்டவர். வயல் எப்பிடியும் இருநூறு முந்நூறு மீற்றர் வரும். தலையைத் தூக்கப் பயத்தில நான் காதாலதான் எண்ணினன். ஆறு.

"உனக்குப் பயத்தில ரெண்டு ரெண்டாக் கேட்டிருக்கு" எண்டார் மனுசன்.

"உங்களுக்குப் பயத்தில பாதி கேக்கவேயில்லை" எண்டு நான் திருப்பிக் குடுத்தன். பிறகு ரெண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. அந்த ஒற்றை அறை வீட்டில மூஞ்சையைத் திருப்பிக்கொண்டு இருக்கிறதுக்கும் இடமில்லை.

அவருக்கு அது ஒரு கணக்கு. எனக்கு அப்பிடியில்லை. ஆறு வெடி எண்டால் எவ்வளவு நேரம்! மூண்டு கேட்டாப்பிறகாவது "அண்ணை, படுங்கோ" எண்டு நான் கத்தியிருக்கலாம். கத்தேல்லை. வாயைப் பொத்திக்கொண்டு எண்ணிக்கொண்டு கிடந்தன். இதை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை, மனுசனுக்குக்கூட. அவர் மூண்டு எண்டு சொல்லுற ஒவ்வொரு தரமும் எனக்குச் சந்தோசம் வந்திருக்கவேணும். கோபம்தான் வந்தது. கேட்ட காது என்ர காது.

இது தொண்ணூறுகளின்ர நடுவில. நாங்கள் ஷாஃப்ஹவுசனுக்குப் பக்கத்தில ஒரு கிராமத்தில இருந்தம். மனுசன் ரெஸ்ரோறன்ற் குசினியில கோப்பை கழுவினார். எனக்குத் துவக்குத் திருத்துற ஒரு கிழவரின்ர பட்டறையைக் கூட்டித் துடைக்கிற வேலை. "துவக்குக்குப் பயந்து ஓடிவந்து துவக்குக் கடையிலயோ வேலை செய்யிறாய்?" எண்டு எங்கட சனம் சிரிச்சது. சிரிக்கட்டும். அங்க இருந்த துவக்கு ஒண்டும் என்னைப் பாத்து நீட்டினதில்லை. எல்லாம் சுவரில வரிசையா, எண்ணெய் பூசி, பிள்ளைகளைக் குளிக்க வாத்து நிப்பாட்டின மாதிரி நிண்டது.

இங்க முதலாளியைச் 'செஃப்' எண்டுதான் கூப்பிடுறது. எங்கட செஃப் எழுபது வயசுக் கிழவர். பேச்சு குறைவு, துல்லியம் கூட. மேசையில நான் துடைச்சுப்போட்டு வைச்ச திருகாணிப் போத்தல் முந்தி இருந்த இடத்தில இருந்து ஒரு விரல் தள்ளியிருந்தாலும் கண்டுபிடிச்சிடுவார். ஏசமாட்டார். திருப்பி அந்த இடத்தில வைச்சுப்போட்டு என்னைப் பாப்பார். அந்தப் பார்வைக்கு ஏச்சு எவ்வளவோ மேல்.

எனக்கு இன்னொரு வேலையும் தந்தவர். கிராமத்துக்கு வெளியில சூட்டுப் பயிற்சித் திடல் ஒண்டு இருக்கு. சுவிஸ்காரருக்குச் சனிக்கிழமை எண்டால் அங்க போய்ச் சுடுறது எங்களுக்குக் கோயிலுக்குப் போற மாதிரி. இலக்குப் பலகையளுக்குக் கீழ, நிலத்துக்குள்ள, கொங்கிறீற் போட்ட ஒரு நீளக் கிடங்கு. துவக்குச் சன்னம் தலைக்கு மேலால போகும். கீழ இருக்கிற ஆள் பலகையை இறக்கி, ஓட்டை எங்கயெண்டு பாத்து, ஒட்டுத்தாளால மூடிப்போட்டு, ஏத்தி, நீளத் தடியால எந்த இடத்தில பட்டதெண்டு காட்டவேணும். நான் அதைப் பங்கர் எண்டுதான் சொல்லுவன். எங்கட நாட்டுப் பங்கர் இவ்வளவு துப்பரவா இருந்ததில்லை, அதுதான் வித்தியாசம். காதை மூடுறதுக்குத் தடிச்ச மூடியொண்டு தருவினம். அதைப் போட்டால் எல்லாம் தண்ணிக்குள்ள கேக்கிற மாதிரி ஒரு இரைச்சல்தான்.

வழக்கு நிராகரிச்ச கடுதாசியைச் செஃப்பிட்டக் காட்டினன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்க வாசிச்சார். "அப்பீல் செய்யுங்கோ. உங்களைப் பற்றி நான் ஒரு கடுதாசி எழுதித் தாறன். இவ சொன்னால் சொன்னதுதான் எண்டு எழுதுவன்" எண்டார். எனக்கு வேற ஆர் எழுதித் தருவினம்? அந்தக் கடுதாசியை நம்பித்தான் நாங்கள் ரெண்டு பேரும் நித்திரை கொண்டனாங்கள்.

அந்த மாரி முழுக்க அவர் ஒரு சத்தமில்லாத துவக்கோட மினைக்கெட்டார். கன்ரோன் எண்டு சொல்லுற மாகாண அரசில காட்டு மிருகங்களைப் பாக்கிற உத்தியோகத்தர் ஒருத்தர் அனுமதிப் பத்திரத்தோட வந்து கேட்டவர். வீடுகளுக்குப் பக்கத்தில சொறி பிடிச்ச நரி, காரில அடிபட்டுக் கிடக்கிற மான், இதுகளை ஊரை எழுப்பாமல் முடிக்கவேணுமாம். குழல் முனையில சைலன்சர் பூட்டவேணும். அது மட்டும் காணாது, சன்னமும் ஒலியை விட மெதுவாப் போகவேணும். மெதுவாப் போற சன்னம் கெதியாக் கீழ இறங்கும், சொன்ன இடத்தில படாது எண்டு உத்தியோகத்தருக்குச் சந்தேகம். பட வைக்கலாம் எண்டு செஃப்புக்கு வீம்பு. வெடிமருந்தை நிறுக்கிறதும், அதைச் சன்னத்தோட அடைச்சு ஒரு ரவை செய்யிறதும், தலையை ஆட்டிப்போட்டு அதைத் தூக்கி வைக்கிறதுமா அவருக்கு மாரி போச்சுது.

எனக்கு விளங்கேல்லை. சத்தம் போடாமல் சுடுற துவக்கை எங்கட ஊரில ஒருத்தன் வைச்சிருந்தால் அவனை என்னெண்டு சொல்லுவம்? இஞ்ச அதை நரிக்குக் காட்டுற இரக்கம் எண்டு சொல்லுறாங்கள். நல்லதோ கெட்டதோ எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது.

சோதிச்சுப் பாக்கிற நாள் காலமை, திடலில நாங்கள் மூண்டு பேர்தான். நான் பங்கருக்குள்ள. செஃப்பும் உத்தியோகத்தரும் நூறு மீற்றருக்கு அங்கால, புல்லில விரிச்ச பாயில. செஃப் எனக்கு ஒரு பென்சிலும் துண்டும் தந்து சொன்னார்: "இண்டைக்குக் காது மூடி வேண்டாம். உங்கட காது எனக்கு வேணும். முதல் வழமையான ரவை, சைலன்சர் இல்லாமல். பிறகு பலகையில இருக்கிற தாளை மாத்துங்கோ. ரெண்டாந்தரம் மெதுவான ரவை, சைலன்சரோட. ஒவ்வொருக்காலும் எத்தினை வெடி கேட்டதெண்டு எழுதுங்கோ. ஓட்டையை ஒட்டவேண்டாம்."

எத்தினை சுடப்போறார் எண்டு சொல்லேல்லை. சொன்னால் காது அதைத்தான் கேக்கும் எண்டு அவருக்குத் தெரியும்.

முதல் சுற்றுத் துவங்கிச்சுது. தலைக்கு மேல சுள்ளெண்டு ஒரு வெடி, அடுத்த மூச்சுக்குள்ள தூர ஒரு வெடி. கொஞ்ச நேரம் ஒண்டுமில்லை. திருப்பியும் சுள், டும். நான் துண்டில கோடு போட்டுக்கொண்டே வந்தன். பத்து. ஓய்ஞ்சதும் ரெலிபோன் அடிச்சுது, தாளை மாத்தச் சொல்லி. பலகையை இறக்கினன். அஞ்சு ஓட்டை.

திருப்பி எண்ணினன். மரச்சட்டத்தைத் தடவிப் பாத்தன். அஞ்சுதான். மற்ற அஞ்சும் எங்க போச்சுது? பிழைச்சுப் போச்சுது, வேற என்ன! ஐயோ மாதாவே, ஒரு மாரி முழுக்கக் கண் முழிச்ச மனுசன், கன்ரோன் உத்தியோகத்தருக்கு முன்னால, பத்தில அஞ்சைப் பலகையிலயே படாமல் விட்டிட்டார். எழுபது வயசு. கை நடுங்கியிருக்கும். அந்த உத்தியோகத்தன் வந்து பாத்துப்போட்டு உதட்டைச் சுழிச்சுச் சிரிக்கிறதை நினைச்சன்.

எங்கட ஆக்கள் என்ன செய்வம்? பெரிய மனுசர் பந்தியில கறியைச் சிந்தினால் மேல ஒரு வாழையிலைத் துண்டைப் போட்டு மூடிப்போட்டுக் கதையை மாத்துவம். நான் பென்சிலை எடுத்தன். அஞ்சு ஓட்டை குத்தினன். எல்லாத்தையும் நடுவில குத்தினால் சந்தேகம் வரும் எண்டு, அதிலயும் மூளையாம் எனக்கு, ரெண்டை நடுக் கறுப்பு வட்டத்துக்குள்ளயும் மூண்டைக் கொஞ்சம் தள்ளியும் குத்தினன். கிழவருக்கு ஒரு உபகாரம் செய்த திருப்தியோட தாளைச் சுருட்டி வைச்சன்.

ரெண்டாவது சுற்று. காத்துக்கொண்டு இருந்தன். ஒண்டுமில்லை. ஏதோ பழுது போல எண்டு நினைச்சன். பிறகு தலைக்கு மேல தாளில 'டிக்' எண்டு ஒண்டு, பின்னால மண்மேட்டில 'தொப்' எண்டு ஒண்டு. வெடி இல்லை. வெடி கேட்டால் ஓடலாம், படுக்கலாம், எண்ணவாவது எண்ணலாம். இதுக்கு என்ன செய்யிறது? துண்டில பூச்சியம் போட்டன். ரெலிபோன் அடிச்சாப்பிறகு இறக்கிப் பாத்தால் அஞ்சு ஓட்டை, நடுவில ஒண்டுமில்லை, எல்லாம் கீழ வெள்ளைக்குள்ள. முழுத் தோல்வி எண்டு நினைச்சன். இதைக் காப்பாத்த என்ர பென்சிலாலயும் ஏலாது எண்டு விட்டிட்டன்.

ரெண்டு பேரும் நடந்து வந்து பங்கருக்குள்ள இறங்கிச்சினம். செஃப் ரெண்டாவது தாளைத்தான் முதல் பாத்தார். பொக்கற்றில இருந்து நெருப்புப்பெட்டியை எடுத்து அந்த ஓட்டைகளுக்கு மேல வைச்சார். நாலு ஓட்டை பெட்டிக்குக் கீழ மறைஞ்சுது, அஞ்சாவது விளிம்பில எட்டிப் பாத்தது. கிழவரின்ர முகத்தில நான் அப்பிடியொரு சிரிப்பை அதுக்கு முந்திக் கண்டதில்லை.

"கீழ பட்டிருக்கே?" எண்டன்.

"கீழ படுறது துவக்கின்ர பிழை இல்லை. குறி பாக்கிற கண்ணாடியின்ர திருகாணியை நாலு தரம் திருப்பினால் மேல வந்திடும். அஞ்சும் ஒரே இடத்தில படுதோ, அதுதான் கேள்வி."

அட, இதையல்லோ முதல் சொல்லியிருக்கவேணும்!

உத்தியோகத்தர் அதுக்குள்ள மற்றத் தாளை விரிச்சிட்டார். விரல் வைச்சு எண்ணினார். செஃப் பொக்கற்றில இருந்து சுட்டு முடிஞ்ச ரவையளின்ர வெறும் கோதுகளை எடுத்துக் காட்டினார். அஞ்சு கோது. தாளில பத்து ஓட்டை. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தினம். உத்தியோகத்தரின்ர முகம் மாறிப்போச்சுது. "வேற ஆரோ சுட்டிருக்கிறாங்கள். உள்ள ஒரு மனுசி இருக்கேக்க. நான் பொலிசுக்கு அடிக்கிறன், திடலைப் பூட்டவேணும்" எண்டுகொண்டு ரெலிபோனைப் பிடிச்சிட்டார். செஃப் சுவரில கை ஊண்டினார். முகம் சுண்ணாம்பாப் போச்சுது.

வாயைத் திறந்தால் கடுதாசி போச்சுது. இவ சொன்னால் சொன்னதுதான் எண்டு இனி ஆர் எழுதுவான்? திறக்காட்டில் பொலிஸ் வந்து இந்தக் கிழவரின்ர பேர் போச்சுது. ஒருக்கால் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தது காணும் எண்டு மட்டும் ஒரு எண்ணம் வந்தது.

"நான்தான் குத்தினன்" எண்டன். பென்சிலைத் தூக்கிக் காட்டினன்.

உத்தியோகத்தர் ரெலிபோனை வைச்சார். செஃப் தாளைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பாத்தார். சன்னம் போன ஓட்டையைச் சுத்திச் சாம்பல் வளையம் இருக்கும். என்ர ஓட்டைக்கு இல்லை. "நாப்பது வருசம்" எண்டார். "நாப்பது வருசத்தில என்ர தாளில ஒருத்தரும் கை வைச்சதில்லை." சத்தம் போடேல்லை. சத்தம் போட்டிருந்தால் நான் தாங்கியிருப்பன்.

"பத்து வெடி கேட்டது, அஞ்சு ஓட்டைதான் இருந்தது. நீங்கள் பிழைக்க விட்டிட்டியள் எண்டு நினைச்சன். அவருக்கு முன்னால உங்களுக்கு வெக்கமாப் போயிடும் எண்டு…"

"பத்தோ?"

துண்டை நீட்டினன். பத்துக் கோடு. கீழ ஒரு பூச்சியம். அதைக் கனநேரம் பாத்தார். கோபம் எங்க போனதெண்டு தெரியேல்லை, வேறயொரு முகம் வந்திட்டுது. "இஞ்சயே இருங்கோ. திரும்பச் சுடுவம். பென்சில் எழுத மட்டும்தான்" எண்டார்.

திரும்பவும் சுட்டார். இந்தமுறை மூண்டு தாள். வழமையான ரவை, எனக்குப் பத்து. அதே ரவை சைலன்சரோட, எனக்கு அஞ்சு. மெதுவான ரவை சைலன்சரோட, எனக்குப் பூச்சியம். மூண்டு தாளிலும் ஓட்டை அஞ்சு அஞ்சுதான். நான் அந்தத் தாளுகளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். பத்தும் அஞ்சும் பூச்சியமும் ஒண்டெண்டால் இந்தக் காதை வைச்சுக்கொண்டு ஒரு மனுசி என்ன செய்யிறது?

செஃப் மணல் மூட்டைக்கு மேல குந்திக்கொண்டு எனக்கு விளங்கப்படுத்தினார். சன்னம் ஒலியை விடக் கெதியாப் போனால், அது போற வழியெல்லாம் சவுக்கு அடிச்ச மாதிரி வெடிச்சுக்கொண்டு போகும். அது ஒரு சத்தம். துவக்கின்ர வாயில வெடிச்ச வெடி பின்னால ஆறுதலா நடந்து வரும். அது மற்றச் சத்தம். சைலன்சர் பின்னால வாறதைத்தான் விழுங்கும். சவுக்கை நிப்பாட்டிறதெண்டால் சன்னம் மெதுவாப் போகவேணும். சன்னம் வாற பக்கத்தில இருக்கிறவைக்கு ஒரு வெடி ரெண்டாக் கேக்கும்.

"சுடுறவனுக்குப் பக்கத்தில நிக்கிற ஆளுக்கு?"

"ரெண்டும் சேந்து ஒண்டாத்தான் கேக்கும்."

நான் அப்பிடியே கொங்கிறீற் நிலத்தில இருந்திட்டன். ஆறு. மூண்டு. வாய்க்காலுக்குள்ள நான். கடைச் சுவரோட அவர். விசரி மாதிரிச் சிரிச்சன், பிறகு அழுதன், எதுக்கு எதைச் செய்தன் எண்டு தெரியாது. உத்தியோகத்தர் தன்ர தொப்பியைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கொண்டு நிண்டார். எனக்குத் தெரிஞ்ச ஜேர்மன் பாசையில, உடைச்சு உடைச்சு, குளக்கட்டு, வயல், அண்ணை, எல்லாத்தையும் சொன்னன். முதல் தரமா, கத்தாமல் கிடந்ததையும் சொன்னன்.

செஃப் என்னைப் பாத்து, "அந்தச் சவுக்குச் சத்தம் உங்களுக்குக் கேக்கேக்க சன்னம் போயிட்டுது. நீங்கள் கத்தியிருந்தால் உங்கட சத்தமும் அதுக்குப் பின்னாலதான் போயிருக்கும்" எண்டார். ஆறுதல் சொல்லுற மனுசன் இல்லை அவர். தெரிஞ்சதைச் சொன்னார், அவ்வளவுதான். அது உண்மையில ஆறுதலோ எண்டு எனக்கு அண்டைக்கு விளங்கேல்லை. மூண்டு வெடிக்குள்ளயும் மூண்டு தரம் மூச்சு விடலாம், ஒருக்காலாவது கத்தலாம். அந்தக் கணக்கு என்னை இப்பவும் முழுசா விட்டதில்லை.

வீட்ட வந்து மனுசனுக்குச் சொன்னன், "மூண்டுதான்" எண்டு. ஒவ்வொரு வெடியும் எனக்கு ஏன் ரெண்டாக் கேட்டதெண்டும் விளங்கப்படுத்தினன். வெண்ட சந்தோசத்தில குதிப்பார் எண்டு பாத்தன். அவர் கோப்பையைக் கீழ வைச்சார். "அப்ப நீ ஆறையும் கேட்டனியோ?" எண்டு கேட்டார். பிறகு என்ர தலையில கையை வைச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் நிண்டார்.

ஒரு கிழமையால செஃப்பின்ர கடுதாசி வந்தது. தெரிஞ்ச ஒரு பெடிச்சி மொழிபெயர்த்து வாசிச்சாள். ஒரு வெடி ஏன் ரெண்டாக் கேக்கும் எண்டு முழுப் பக்கம், படம் கீறி. கீழ காட்டு உத்தியோகத்தரின்ர கையெழுத்தும். அதுக்குப் பிறகு: "இவ என்ர சோதனைத் தாளில பென்சிலால அஞ்சு பொய் ஓட்டை குத்தினவ. ஆரும் கண்டுபிடிக்க முந்தித் தானே சொன்னவ. துண்டில எழுதின எண்ணிக்கையை மாத்தேல்லை."

"விசர்க் கிழவன்!" எண்டு மனுசன் துள்ளினார். "கள்ளி எண்டு எழுதித் தந்திருக்கிறான். இதையோ குடுக்கப்போறம்? அந்தப் பகுதியை வெட்டிப்போட்டுக் குடுப்பம்."

எனக்கும் பத்திக்கொண்டுதான் வந்தது. இவ்வளவு எழுதத் தெரிஞ்ச மனுசனுக்கு ரெண்டு வரியை விழுங்கத் தெரியாதோ! ஆனால் கத்தரிக்கோலை எடுத்தாப்பிறகு கை போகேல்லை. கத்தரிக்கோலுக்கும் பென்சிலுக்கும் என்ன வித்தியாசம்? முழுசா அனுப்பினன்.

விசா கடைசியாக் கிடைச்சது. அது கடுதாசியாலயோ, கடுதாசி இருந்தும் கிடைச்சதோ, ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை. ஆனால் அதுக்கு முந்தி என்னைத் திரும்ப ஒருக்காக் கூப்பிட்டவை. இந்தமுறை ஒரு பொம்பிளை உத்தியோகத்தர். முன்னால செஃப்பின்ர கடுதாசி, அந்த ரெண்டு வரிக்கும் கீழ பச்சைக் கோடு.

"ஓட்டை குத்தினது உண்மையோ?"

"ஓம்."

"அப்ப இப்ப நீங்கள் சொல்லப்போறதை நான் ஏன் நம்பவேணும்?"

"ஆற்ர தாளில குத்தினனோ, அவரே எனக்காக எழுதியிருக்கிறார்" எண்டன்.

அவ பேனையைக் கையில எடுத்தா. "சரி. மூண்டோ, ஆறோ?"

"சுட்டது மூண்டு. எனக்குக் கேட்டது ஆறு. ரெண்டையும் எழுதுங்கோ" எண்டன். மொழிபெயர்ப்பாளர் என்னைத் திரும்பிப் பாத்தார். நான் நிப்பாட்டேல்லை. "துவக்குச் சத்தமில்லாததா இருந்திருந்தால் நான் பூச்சியம் எண்டுதான் சொல்லியிருப்பன். அப்பவும் அண்ணையின்ர உடம்பில ஓட்டை இருந்திருக்கும். அந்தக் கடைசிச் சத்தம் எனக்கு வந்து சேரேக்க அவர் விழுந்திட்டார். அதையும் எழுதுங்கோ."

அவ எழுதினா.